ஸ்டார்ட்: ஒரு துள்ளலின் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறோம். கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி வைத்திருக்கிறோம். எந்த வேலையிலும் இறங்கத் தயங்குகிறவரை ‘ஸ்டார்ட்டிங் டிரபிள்’ என்று கேலி செய்கிறோம். ஹோட்டலில் சாப்பாட்டுக்கு முன்னால் வருகிற சூப்பும் வறுவலும்கூட ஸ்டார்ட்டர்தான். இவ்வளவு பழகிய சொல்லோடு ஷேக்ஸ்பியரைப் படிக்க உட்கார்ந்தால் சில இடங்களில் குழம்பும்.

‘மேக்பெத்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் சூனியக்காரிகள் மேக்பெத்தைப் பார்த்து, நீ அரசனாவாய் என்கிறார்கள். கூட நிற்கும் பாங்க்வோ, ஏன் ‘ஸ்டார்ட்’ ஆகிறாய், ஏன் பயப்படுவதுபோல் தெரிகிறாய் என்று அவனைக் கேட்கிறான். அங்கே எதுவும் தொடங்கவில்லை. மேக்பெத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது, அவ்வளவுதான். அந்த ஒரு வரி நடிகருக்கான குறிப்பும்கூட. அவர் உடம்பைக் குலுக்காவிட்டால் பாங்க்வோவின் கேள்விக்கே அர்த்தம் இல்லை.

இதுதான் மூத்த பொருள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் துள்ளி எழுவது என்று பொருள். பிறகு பயத்தில் துள்ளுவதும் அதில் சேர்ந்தது. திடுக்கிட வைப்பதைச் சொல்லும் ‘ஸ்டார்ட்டில்’ இதன் நெருங்கிய உறவு.

அப்படியானால் தொடக்கம் எங்கிருந்து வந்தது? வேட்டைக்காட்டிலிருந்து என்பது சொல்லாய்வாளர்களின் கணிப்பு. புதரில் பதுங்கிய முயலைக் கிளப்பித் துள்ளி ஓடவிடுவதை 14ஆம் நூற்றாண்டிலேயே ‘ஸ்டார்ட்’ என்றார்கள். சும்மா கிடந்ததைக் கிளப்பி ஓடவிடுவது என்ற பொருள் பிடித்துக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் முயல் மட்டுமல்லாமல் எதையும் இயங்கவைப்பதற்கு அதைச் சொல்லலானார்கள். பயணம் கிளம்புவதற்கு அது வந்தது இன்னும் பிந்தி, 19ஆம் நூற்றாண்டில்.

அந்த வேட்டை வாசனை இன்னும் போகவில்லை. ‘பிகின்’ என்று இன்னொரு சொல் இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். பல இடங்களில் ஒன்றுதான். ஆனால் காரை ‘பிகின்’ செய்ய முடியாது, ஸ்டார்ட்தான் செய்யவேண்டும். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் முதல் வரியில் வருவது ‘பிகினிங்’. அங்கே ‘ஸ்டார்ட்’ போட்டுப் பாருங்கள், படைப்பு ஏதோ ஓட்டப்பந்தயம் போல ஆகிவிடும்.

காரைச் சொன்னேன் இல்லையா? அந்தக் காலத்துக் கார்களுக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். சில சமயம் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கை எலும்பு முறியும். ஸ்டார்ட் ஆனதும் துள்ளியது வண்டியா மனிதனா என்று கேட்கலாம். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்த பிறகுதான் இந்த ஆபத்து குறைய ஆரம்பித்தது.

இடையில் ஒரு வேடிக்கை. ‘ரெட்ஸ்டார்ட்’ என்று ஒரு குருவி உண்டு. அதன் ஒரு வகை குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வலசை வரும். அந்தப் பெயரில் உள்ள ஸ்டார்ட்டுக்குத் தொடக்கமும் இல்லை, துள்ளலும் இல்லை. அது வால். செவ்வாலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அம்மணத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டார்க் நேக்கட்’ என்பார்கள். அதுவும் முதலில் ‘ஸ்டார்ட் நேக்கட்’, அதாவது பின்பக்கம் வரை அம்மணம். வானொலியில் இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சரி, இன்று எல்லார் வாயிலும் இருக்கும் ‘ஸ்டார்ட்அப்’? 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது கிராமத்து ஆட்கள் போட்ட, பூட்ஸ் போன்ற ஒருவகைச் செருப்பு. திடீரென்று மேலே வந்த ஆளை ஏளனமாகச் சொல்லவும் அதே சொல்தான். ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகத்தில் டான் ஜான் என்ற வில்லன், தன்னை வீழ்த்திப் பெயர் வாங்கிய இளைஞன் கிளாடியோவை ‘ஸ்டார்ட்அப்’ என்று வயிறெரிந்து திட்டுகிறான். புதிதாக முளைத்த நிறுவனம் என்ற பொருள் 1970களில்தான் வந்தது. டான் ஜானின் வசைச்சொல்லை இன்று பெங்களூரில் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

வணக்கம்.