கதிர்வீச்சு முடிந்த பிறகு: பி.எஸ்.ஏ. எண்ணும் உடம்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்கள், சிகிச்சை முடிந்து வரும் முதல் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பி சுரந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு) ரிப்போர்ட்டோடு எங்களிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கரண்ட் வைத்து முடித்தாச்சே டாக்டர், இன்னும் ஏன் பூஜ்யத்துக்கு வரவில்லை?" பக்கத்து வீட்டுக்காரருக்கோ சம்பந்திக்கோ ஆபரேஷன் செய்து பூஜ்யத்துக்கு வந்திருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆபரேஷனில் சுரப்பியையே எடுத்துவிடுகிறார்கள். பி.எஸ்.ஏ. சுரக்க எதுவும் மிச்சமில்லை என்பதால் சில வாரங்களில் அது இல்லாத அளவுக்குப் போய்விட வேண்டும். பிறகு 0.2-க்கு ஏறினாலே கவனிப்பார்கள். கதிர்வீச்சில் சுரப்பி உள்ளேயேதான் இருக்கிறது. கதிர் பட்ட புற்றுநோய்ச் செல் அன்றே சாவதில்லை. அதன் மரபணு இழைகள் அறுந்திருக்கும். அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் அது செத்துப்போகும். புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்களோ மெதுவாகப் பிரிகிறவை. அதனால் பி.எஸ்.ஏ. மாதக் கணக்கில், படிப்படியாகத்தான் இறங்கும். அடிமட்டத்தைத் தொட ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அப்போதும் மிச்சமிருக்கும் நல்ல திசு கொஞ்சம் சுரந்துகொண்டிருக்கும். 0.3, 0.4 என்று வருடக்கணக்கில் அப்படியே நின்றால் சந்தோஷப்படுங்கள்.

அடுத்து, அந்த லேப் பேப்பர். அதில் "இயல்பு அளவு 0 முதல் 4 வரை" என்று அச்சடித்திருக்கும். அது சிகிச்சை எதுவும் எடுக்காத ஆண்களுக்கான வரம்பு. உங்களுக்குப் பொருந்தாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அந்த வரம்பு ஆபத்தான நிம்மதியையும் கொடுத்துவிடும். 0.4 வரை இறங்கிய ஒருவருக்குப் பிறகு 3 என்று வந்தால் லேப் பேப்பரில் அது நார்மல். தடித்த எழுத்துகூட இருக்காது. அவரும் பேப்பரை மடித்து உள்ளே வைத்துவிடுவார். எங்கள் கணக்கில் அது நோய் திரும்பியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டிய எண்.

அந்தக் கணக்கு என்ன? 1990-களில், அடுத்தடுத்து மூன்று முறை ஏறினால் நோய் திரும்பிவிட்டது என்று வைத்திருந்தார்கள். அதில் வீண் பயம் நிறைய வந்தது. 2005-ல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நிபுணர்கள் கூடி அதை மாற்றினார்கள். உங்கள் பி.எஸ்.ஏ. இதுவரை தொட்ட மிகக் குறைந்த அளவோடு 2-ஐக் கூட்டுங்கள். அதை எட்டினால் நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்ளலாம். 0.4 வரை இறங்கியவருக்கு 2.4, அவ்வளவுதான். ஆகவே உங்களுடைய அந்தக் குறைந்த எண் என்ன என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஃபைலின் முதல் பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும்.

நடுவில் ஒரு விளையாட்டு உண்டு. முதல் இரண்டு மூன்று வருடங்களில் பி.எஸ்.ஏ. சும்மாவே கொஞ்சம் ஏறி, பிறகு தானாக இறங்கும். சுரப்பிக்குள் கதிரியக்க விதைகளைப் பதித்துச் செய்யும் பிராக்கிதெரபி எடுத்தவர்களிடமும், வயது குறைந்தவர்களிடமும் இதை அதிகம் பார்க்கிறோம். சில சமயம் நான் சொன்ன அந்த 2-ஐயும் தாண்டிவிட்டு இறங்கும்! ஆகவே ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. பயத்தில் அவசரமாகச் சுரப்பியில் சதை எடுத்துப் பார்த்தாலும் குழப்பம்தான். முதல் இரண்டு வருடம் செத்துக்கொண்டிருக்கும் செல்களும் மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள புற்றுநோய் மாதிரியே தெரியலாம்.

ஹார்மோன் ஊசியும் சேர்த்துப் போட்டவர்களுக்குக் கதை வேறு. ஊசி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதால் பி.எஸ்.ஏ. மளமளவென்று விழுந்துவிடும். ஊசியை நிறுத்தி, சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரோன் திரும்பும்போது பி.எஸ்.ஏ.-வும் கொஞ்சம் தலைதூக்கும். இரண்டையும் ஒன்றாகப் பரிசோதித்தால்தான் அந்த ஏற்றத்துக்கு அர்த்தம் புரியும். ஊசி எலும்பையும் தேய்க்கும். நீண்ட நாள் போட்டவர்கள் எலும்பு அடர்த்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் நடங்கள்.

எண்ணைக் கெடுக்கும் வேறு சிலவும் உண்டு. சிறுநீர்த் தொற்று இருக்கும்போது எடுத்தால் ஏறிக் காட்டும். இன்னொன்று, சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று டாம்சுலோசினோடு டியூடாஸ்டரைடு சேர்ந்த மாத்திரையை எழுதிவிடுகிறார்கள். டாம்சுலோசின் பி.எஸ்.ஏ.-வைத் தொடாது. டியூடாஸ்டரைடு சில மாதங்களில் அதைப் பாதியாக்கிவிடும். நாங்கள் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆகவே மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள், முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். சிறுநீர் எரிச்சல், ராத்திரி நாலைந்து முறை எழுந்திருப்பது, அடக்க முடியாத அவசரம், வயிறு இளகிப் போவது, அசதி எல்லாம் சிகிச்சையின் கடைசி வாரங்களில் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தணிந்துவிடும். இவற்றால் யாரும் பயப்பட வேண்டியதில்லை; சிறுநீர் அடைத்துக்கொண்டால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

நான் பயப்படுவது பின்னால் வரும் ஒன்றுக்கு. ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட மலத்தோடு ரத்தம் போகலாம். புரோஸ்டேட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருப்பது மலக்குடலின் முன்சுவர். கதிர் பட்டதால் அங்கே மெல்லிய ரத்தக்குழாய்கள் புடைத்துக் கசியும். நம் ஊரில் மலத்தில் ரத்தம் என்றால் எல்லாரும் மூலம் என்றே நினைப்பார்கள். 'மூலம், பவுத்திரம்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்துப் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள், சுட்டுக்கொள்கிறார்கள். கதிர் பட்ட இடத்தில் புண் செய்தால் எளிதில் ஆறாது. ஓட்டை விழுந்து சிறுநீர் மலக்குடலுக்குள் கசியும் நிலைவரை போகலாம். நல்ல ஆஸ்பத்திரிக்கே போனாலும், குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "எனக்குப் புரோஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்." கொலோனாஸ்கோபி செய்யலாம், பல சமயம் செய்யத்தான் வேண்டும். அந்த முன்சுவரில் சதை மட்டும் அவசியமில்லாமல் எடுக்கக் கூடாது. பலருக்குக் கசிவு மலத்தை இளக்கி வைத்தாலே அடங்கிவிடும், அடங்காததற்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. சிறுநீரில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாமல் சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள்.

வெளியில் கேட்கக் கூச்சப்படும் விஷயம் ஒன்று. தாம்பத்தியத்தில் விறைப்பு ஆபரேஷன் மாதிரி ஒரே நாளில் போய்விடாது, வருடங்களில் மெல்லக் குறையும். விந்தும் குறையும். சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர்கள் இந்தச் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. மனைவியும் கூட வந்தால் இந்தப் பேச்சு சுலபமாக நடக்கிறது என்பது என் அனுபவம்.

பாட்டிமார்கள் கேட்பது பேரப்பிள்ளையைப் பற்றி. வெளியிலிருந்து மெஷினில் கொடுத்த கதிர்வீச்சு உடம்பில் தங்காது, தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். உள்ளேயே விட்டுவைக்கும் அயோடின் விதைகள் பதித்தவர்கள் மட்டும் சில மாதம் கர்ப்பிணிகளிடமும் கைக்குழந்தைகளிடமும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்வோம். அந்த அயோடினின் வீரியம் சுமார் 60 நாளுக்கு ஒருமுறை பாதியாகும்.

எத்தனை நாளைக்கு டெஸ்ட்? முதல் ஐந்து வருடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆரம்பத்தில் இன்னும் நெருக்கமாகவும் பார்ப்போம். அப்புறம் வருடத்துக்கு ஒன்று. பத்து வருடம் கழித்தும் திரும்புவது உண்டு, அதனால் நிறுத்திவிடாதீர்கள். வருடாவருடம் ஸ்கேன் வேண்டாம். எண் அசையாதபோது அது வீண் செலவு. ஏறி, எல்லையைத் தொட்டால் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுப்போம், புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று அது காட்டும். நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தாலும், ஓரிரு நிணநீர்க் கட்டிகளில் இருந்தாலும் செய்வதற்கு இன்று வழிகள் இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.