மாடிக்குப் போவதும் பயணம்தான்

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும் இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் காரைக்குடிப் பெருமக்களுக்கும் வணக்கம். மணியின் மேல் நடுவர் இப்போதே விரலை வைத்துவிட்டார். அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

கோடை விடுமுறைக்கு ஏற்றது தூரத்து மலையா, பக்கத்து ஊரா? பக்கத்து ஊர் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை, "பக்கத்து ஊருக்குப் போவது பயணம் என்றால், துணி காயப்போட மாடிக்குப் போவதும் பயணம்தான்" என்று ஒரு குத்து விட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். இருக்கட்டும், அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த மலையைப் பார்த்துவிடுவோம். என் மைத்துனர் ஒரு மே மாதச் சனிக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். இப்போதெல்லாம் நினைத்தவுடன் மலை ஏற முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அடுத்த கோடையில், வார இறுதி என்றால் கொடைக்கானலுக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள். மைத்துனர் பாஸ் வாங்கிவிட்டார். மீதி 5,999 பேரும் வாங்கியிருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை!

மலைப்பாதையில் வண்டி நின்றது. நின்றது என்றால், நின்றேவிட்டது. புளியோதரை தீர்ந்தது. சீடை தீர்ந்தது. என் மாமியாரின் பொறுமை நம் ஊரை அடுத்த குன்றக்குடியைத் தாண்டும்போதே தீர்ந்துவிட்டதாம். பையன், "அப்பா, கொடைக்கானல் எங்கே இருக்கிறது?" என்று கேட்க, எதிரே நின்ற லாரியைக் காட்டி, "இதற்கு முன்னால்" என்றாராம் மைத்துனர்.

கேளுங்கள், கதை இனிமேல்தான். மாமியார் காரை விட்டு இறங்கினார். பின்னால் நின்ற காரிலிருந்தும் ஓர் அம்மா இறங்கினார். இவர் மாவடு கொடுத்தார், அவர் முறுக்கு கொடுத்தார். "எந்த ஊர்?" "காரைக்குடி." "அட, நாங்களும் காரைக்குடிதான்! எந்தப் பக்கம்?" "செக்காலை." "நாங்களும் செக்காலைதான்! எந்த வீதி?"

அடுத்த வீதி!

நடுவர் அவர்களே, மணியை விடுங்கள். அடுத்த வீதி! சர்க்கரை இரவல் வாங்கப் போயிருந்தால் பார்த்திருக்கலாம். அவர்களைப் பார்க்க இவர்கள் வாடகைக் கார் பிடித்து, பெட்ரோல் போட்டு, பாஸ் வாங்கி, மலை ஏறியிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவிலேயே அந்த வீட்டுப் பையனின் நட்சத்திரம் வரை மாமியார் விசாரித்து முடித்துவிட்டார். "சரி, ஏரியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "ஒரே மூடுபனி. ஏரி அங்கேதான் இருக்கிறது என்று சொன்னார்கள், நம்பிவிட்டு வந்தோம்" என்கிறார்.

நம் பக்கம் வெயில் என்பார்கள். உச்சிப் பொழுதில் திருமயம் கோட்டையில் ஏறச் சொன்னது யார்? விடிந்ததும் போங்கள். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. மேலே பீரங்கி, கீழே ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில். வெயில் ஏறும்முன் இறங்கி, வழியில் நுங்கு தின்று, குளுகுளுவென்று ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த சொந்தக்காரர் வீட்டில் வெறுந்தரையில் படுத்துப் பாருங்கள். அறை வாடகையும் கிடையாது, அந்த வீட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லவும் வேண்டாம்.

இப்போது மாடிக்கு வருகிறேன். தங்கையே, துணி காயப்போட மாடிக்குப் போவது யார்? எந்த வீட்டிலாவது அப்பா போகிறாரா? என் வீட்டில் அம்மாதான் போவார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு வெகுகாலம் அவர் ஏறிய உயரம் எங்கள் மொட்டை மாடிதான். துணியை உதறிப் போட்டபின் உடனே இறங்க மாட்டார். வெறும் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் போகிற ரயிலைப் பார்த்து நிற்பார். கீழேயிருந்து யாராவது "காப்பி" என்று குரல் கொடுத்தால் இறங்கிவிடுவார்.

2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், பக்கத்து வீட்டு அக்காவோடு குன்றக்குடிக்குப் போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் யார் இடம் விட்டார், மலைப்படியில் எந்தக் குரங்கு தேங்காய் மூடியைப் பறித்தது, மேலே முருகன் சந்நிதியில் எப்படிக் காற்றடித்தது என்று அன்று இரவு சாப்பிடாமல் பேசிக்கொண்டிருந்தார். அம்மா அவ்வளவு பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை, ஐயா.

ஆகவே தங்கை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மாடிக்குப் போவதும் பயணம்தான். பல வீடுகளில் அம்மாவுக்கு வேறு பயணம் கிடையாது.

நடுவர் தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மாவைக் குன்றக்குடி டவுன் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அவருக்குக் காசு வேண்டாம், கூடப் போகும் மகனுக்கு மட்டும்தான் காசு. வணக்கம்.