கூட்டக் குறிப்பில் உங்கள் பேச்சு இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் பேருந்தில் போகும்போது நெய்வேலிப் பக்கம் பெரிய மண்மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண் அது, வாரிக் கொட்டியது. நிலக்கரிக்குக் கீழேயோ ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவுபகலாக இறைத்தால்தான் அங்கே தோண்ட முடியும். ஆக, திறந்தவெளிச் சுரங்கம் என்றால் வேலிக்கு வெளியே இருப்பவரின் கிணறும் அதில் சேர்த்திதான்.

அந்த வெளியே இருப்பவர் பேசுவதற்கென்று ஒரு நாள் உண்டு. அதுதான் கருத்துக் கேட்புக் கூட்டம். 1957-இல் நேரு நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தபோது இப்படி ஒன்று கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்னால் மக்களைக் கேட்க வேண்டும் என்ற விதி 1997-இல்தான் வந்தது. 2006-இல் வந்த மத்திய அரசின் அறிவிக்கை அதை விரிவாக்கியது.

நான் போயிருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பந்தல் நிறைய ஜனம், ஒரே கூச்சல். ஒரு பாட்டி எழுந்து மைக்கை வாங்கினார். “மேல்மண்ணைத் தனியா எடுத்து வைப்பீங்களா, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிடுவீங்களா?” என்று கேட்டார். பதில் வந்தது. அவர் உட்காரவில்லை. “நான் கேட்டதை எழுதினீங்களா? படிச்சுக் காட்டுங்க” என்றார். பந்தல் அமைதியாகிவிட்டது. படித்தார்கள். மேல்மண் என்ற சொல்லே அதில் இல்லை. சேர்த்து எழுதி, மறுபடி படித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அந்தப் பாட்டி கேட்டது சலுகை கிடையாது, விதியில் உள்ளது. கூட்ட முடிவில் குறிப்பை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். டெல்லியில் அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு உங்கள் ஊருக்கு வரப்போவதில்லை, அவர்கள் கைக்குப் போவது அந்தக் காகிதம். கோபத்தில் எழுந்து வெளியே போனால், போனதுதான் பதிவாகும். இவ்வளவு பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கும் இல்லை, நீங்கள் போகாவிட்டாலும் அது நடக்கும். அதனால் இருந்து பேசுங்கள், குறிப்பைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழில் அறிவிக்க வேண்டும். சுரங்கத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். சுருக்கம் தமிழில் கிடைக்கும். முதலில் நீர், மண் பற்றிய பகுதிகளைப் படியுங்கள். எழுத்தாகவும் ஆட்சேபம் கொடுக்கலாம். உற்பத்தியைக் கூட்டும் சில நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இந்தக் கேட்பிலிருந்தே மத்திய அமைச்சகம் விலக்கு அளித்திருக்கிறது. அது எனக்கு ஏற்புடையதல்ல. சுரங்கம் பெரிதாகும்போதுதானே பக்கத்து ஊருக்குக் கேள்வியும் கூடுகிறது?

நேரம் நெருங்கிவிட்டதாகக் கைகாட்டுகிறார்கள். சுரங்க மூடல் திட்டம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: நிலத்தைச் சீர்படுத்தும் செலவுக்கு நிறுவனம் ஆண்டுதோறும் வங்கியில் தனிக் கணக்கில் பணம் கட்ட வேண்டும், 2009 முதல் அதற்கு நிலக்கரி அமைச்சகத்தின் வழிகாட்டுதல் உண்டு. உங்கள் பக்கத்துச் சுரங்கத்தின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வணக்கம்.