நான்கு தடக் கருவியில் பதிவான குளிர்

(ஹெவி மெட்டல் என்ற முரட்டு ராக் இசையின் ஒரு கிளையான பிளாக் மெட்டல் இசை குறித்து இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

இந்தத் தலைப்பில் பேச அழைத்தபோது அமைப்பாளர்கள் ஒரு நிபந்தனை விதித்தார்கள். நார்வேயில் தேவாலயங்கள் எரிந்த கதையிலிருந்து தொடங்கக் கூடாது என்றார்கள். நியாயமான நிபந்தனைதான். அந்தக் கதைக்கு வராமல் இந்த இசையைப் பற்றிப் பேசி முடிக்க இயலாது என்றாலும், முதலில் காதுக்குரியதைப் பேசுவோம்.

கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் நண்பர் ஒருவர் டார்க்த்ரோன் என்ற நார்வே நாட்டுக் குழுவின் 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' தொகுப்பை என் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். 1994இல் வெளியான தொகுப்பு. முதல் பாட்டு ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே நான் ஹெட்போன் பின்னைப் பிடுங்கி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் செருகிப் பார்த்தேன். ஓசையில் மாற்றமில்லை. தகரக் கூரை மேல் விடாமல் பெய்யும் மழைக்கு அப்பால் யாரோ கிட்டார் வாசிப்பதுபோல் இருந்தது. "ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது" என்றேன். "கெட்டுப்போகவில்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்" என்றார் அவர். இன்றைய என் உரை அந்த ஒற்றை வாக்கியத்துக்கான உரைதான்.

எப்படிச் செய்தார்கள்? ஃபென்ரிஸ் என்ற பெயரில் அறியப்படும் கலைஞர் நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட கேசட் ரெக்கார்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றையும் தாமே வாசித்துப் பதிவுசெய்தார். பின்னர் அவருடைய தோழர் நொக்டர்னோ குல்டோ குரல் கொடுத்தார். டிரம்ஸ் தொடக்கம் முதல் இறுதிவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே தட்டில் ஓடுகிறது. கிட்டாரில் தந்தியை மேலும் கீழுமாக இடைவிடாது மீட்டும் ட்ரெமோலோ முறையில் ஒரு சிறு சுரக்கோவை திரும்பத் திரும்ப வருகிறது. தனி ஆவர்த்தனம்போல் எவரும் எழுந்து நின்று திறமை காட்டுவதில்லை. இரண்டு நிமிடம் வரை இது சலிப்பூட்டும். மூன்றாம் நிமிடத்தில் காது மாற்றத்தை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்குள்ளேயே மேலெழும்பி மறையும் மெல்லிய அதிர்வுகளைத் தேடத் தொடங்குகிறது. தம்பூராவை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மீட்டாத சுரமும் காதில் விழுவதை இங்குள்ள பலர் அறிவீர்கள். இதுவும் அதற்கு நெருங்கிய அனுபவமே.

சுரங்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஹெவி மெட்டலில் பெரும்பாலும் புழங்கும் 'பவர் கார்டு' என்பது நம் கணக்கில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தது. கிட்டார் ஓசையை எவ்வளவு கரகரப்பாக்கினாலும் அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். மேஹெம் குழுவின் யூரோனிமஸும், தார்ன்ஸ் குழுவின் ஸ்னோரே ரூக்கும் அந்த இரண்டுக்கும் நடுவே சாதாரண காந்தாரத்தையும் சேர்த்து முழு மைனர் கார்டுகளாக வாசித்தார்கள். கரகரப்பில் மூன்று சுரங்களும் ஒன்றையொன்று உரசும். அந்த உரசலில் பிறக்கும் கலங்கிய, துயரம் தோய்ந்த ஓசைதான் பிளாக் மெட்டலின் கைரேகை. கீழ்ஸ்தாயியின் கனத்தைக் குறைத்து மேல்ஸ்தாயியைக் கூர்மையாக்கிவிட்டதால் அந்த ஓசைக்குக் குளிர்காற்றின் தன்மையும் வந்து சேர்ந்தது.

வசதியில்லாத இளைஞர்கள், கிடைத்த கருவியில் பதிவு செய்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். டார்க்த்ரோன் விஷயத்தில் அந்த விளக்கம் செல்லாது. அவர்களுடைய முதல் தொகுப்பு, 1991இல் வந்த, ஹெவி மெட்டலின் இன்னொரு கிளையான டெத் மெட்டல் தொகுப்பு, அக்காலத்தில் அத்துறையில் பெயர்பெற்றிருந்த ஸ்டாக்ஹோம் நகரின் சன்லைட் ஸ்டூடியோவில் திருத்தமாகப் பதிவானது. மெருகு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த தொகுப்பிலேயே அதைக் கழற்றி எறிந்தார்கள். அவர்களை ஒப்பந்தம் செய்திருந்த பீஸ்வில் என்ற ஆங்கிலேய நிறுவனம் அந்தப் பதிவைக் கேட்டுத் திகைத்து, திருத்தித் தர முடியுமா என்று தயங்கியபோது, இப்படியே வெளியிடாவிட்டால் வேறிடம் போகிறோம் என்றார்கள், நிறுவனம் இறங்கிவந்தது. இயலாமையால் வரும் குறை வேறு, இயன்றும் மறுப்பதால் வரும் குறை வேறு. பிளாக் மெட்டலின் விழுமியம் என்று நான் கருதுவது அந்த மறுப்பைத்தான். கேட்பவரை மகிழ்விக்க மறுப்பது.

இந்த மறுப்பின் மூதாதையர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் குழு 1982இல் 'பிளாக் மெட்டல்' என்று தன் தொகுப்புக்குப் பெயரிட்டது. பெயர் அங்கிருந்து வந்தது, இசை முழுவதும் அங்கிருந்து வரவில்லை. ஸ்வீடனில் குவோர்தான் என்ற இளைஞர் 'பாத்தரி' என்ற பெயரில், கார் நிறுத்துமிடத்தை மாற்றியமைத்த ஒரு ஸ்டூடியோவில் 1984இல் பதிவுசெய்த தொகுப்பே பின்வந்தவர்களுக்கு முன்மாதிரி. பிரேசிலின் பெலோ ஒரிசோன்டே நகரத்து சார்கோஃபாகோ குழுவினர், நார்வேக்காரர்கள் பெயர்வாங்குவதற்கு முன்பே, 1987இல் முகத்தில் பிணக்கோலம் பூசி நின்றார்கள். வெயில் கொளுத்தும் ஊரிலிருந்து வந்த அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது பனிநாட்டுக்கே உரிய கலை என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

ஆயினும் மறுப்பு என்பதை மோசமான ஒலிப்பதிவு என்று சுருக்கிவிட முடியாது. நார்வேயின் பெர்கன் நகரில் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் பெயர் தாங்கிய கிரீக்ஹாலன் என்ற பெரிய கச்சேரி மண்டபம் இருக்கிறது. 'பிட்டன்' என்று அழைக்கப்படும் ஒலிப்பதிவாளர் மேஹெம், எம்பரர், இம்மார்ட்டல், பர்ஸம், என்ஸ்லேவ்ட் ஆகிய குழுக்களை அங்குதான் பதிவுசெய்தார். எம்பரரின் முதல் முழுத்தொகுப்பில் கீபோர்டு ஓசை மலைமேல் மூடுபனி இறங்குவதுபோல் கிட்டாரை மூடிக்கொண்டு வருகிறது. அது ஆடம்பரமான இசை, வறுமையின் இசை அன்று. அதே சமயத்தில் பர்ஸமின் வர்க் விகர்னெஸ், இருப்பதிலேயே மட்டமான மைக் வேண்டும் என்று கேட்டுவாங்கி, ஹெட்செட் மைக் ஒன்றில் பாடிப் பதிவுசெய்தார். இரண்டும் எப்படி ஒரே வகையில் அடங்கும்? இரண்டிலும் மனிதக் குரல் முன்னால் வந்து நம்மோடு உறவாடுவதில்லை. நிலமும் இருளும் முன்னால் நிற்கின்றன, பாடுபவர் அவற்றுக்குள் எங்கோ தொலைவில் இருக்கிறார். வேரும் முள்ளும் பின்னியதுபோல் எழுதி வாசிக்க முடியாமல் ஆக்கப்பட்ட குழுப்பெயர்களும், அட்டைகளில் இடம்பெறும் தியோடோர் கிட்டெல்சனின் பழைய நார்வே ஓவியங்களும் இதே மனநிலையின் வேறு வடிவங்கள். (இன்று விலையுயர்ந்த மென்பொருளில் தெளிவாகப் பதிவுசெய்துவிட்டு, பழைய கேசட் இரைச்சலைத் தனியே வாங்கி மேலே தூவுகிறார்கள். ஆலைத் துணியைக் கிழித்துத் தைத்து விற்பதைப் போன்றது அது, எனக்கு உவப்பில்லை.)

இனி, ஒத்திவைத்த கதை. 1991இல் ஆஸ்லோவில் யூரோனிமஸ் 'ஹெல்வெத்தே' என்ற இசைக்கடையைத் திறந்தார். நார்வே மொழியில் அதற்கு நரகம் என்று பொருள். அதே ஆண்டு ஏப்ரலில் மேஹெமின் பாடகர் 'டெட்' தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்தை யூரோனிமஸ் குழுவின் புகழுக்குப் பயன்படுத்திய விதம் பொறுக்காமல் பேஸ் கலைஞர் நெக்ரோபுச்சர் விலகிப் போனார். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது முகம் சுளித்தார் என்பதை மறக்கக் கூடாது. 1992 ஜூன் 6 அன்று பெர்கனில் ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கட்டடம் அது. வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. அந்த ஆண்டே லில்லஹாமரில் எம்பரரின் டிரம்ஸ் கலைஞர் தன்பாலீர்ப்பாளர் ஒருவரைக் குத்திக் கொன்றார். 1993 ஆகஸ்ட் 10 அன்று விகர்னெஸ் யூரோனிமஸைக் கொன்றார். அந்தக் கொலைக்கும் தேவாலயத் தீவைப்புகளுக்கும் சேர்த்து 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1994இல் வெளியான மேஹெமின் தொகுப்பில் கொலையுண்டவரின் கிட்டாரும் கொன்றவரின் பேஸும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நான் சற்றுமுன் வியந்து பேசினேனே, அந்த டார்க்த்ரோன் தொகுப்பின் முதல் பதிப்பின் பின்னட்டையில் 'நார்வே ஆரிய பிளாக் மெட்டல்' என்று அச்சிட்டிருந்தார்கள். பின்வந்த பதிப்புகளில் அந்த வரி இல்லை.

இவற்றை இசையோடு பிணைத்து வீரக்கதையாக விற்பவர்கள் உண்டு. இசை வேறு வாழ்க்கை வேறு என்று கை கழுவுபவர்களும் உண்டு. இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. பிறரைப் பொருட்படுத்த மறுக்கும் ஒரு கலை, பிறர் உயிரையும் பொருட்படுத்தாத இடத்துக்கு நழுவிப்போக எவ்வளவு குறைந்த தூரமே இருந்தது என்பதை அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் காட்டிவிட்டன. ஆனால் அதே கலைக்குள்ளிருந்துதான் கோர்கோரோத் குழுவின் 'கால்' (Gaahl) என்ற பாடகர், 2008இல் தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகப் பேசினார். மறுக்கும் பழக்கம் தன் கூட்டத்தின் முரட்டுத்தனத்தையும் மறுக்கத் துணைசெய்தது என்றே அதை நான் வாசிக்கிறேன்.

புதிதாகக் கேட்க விரும்புவோர் எங்கிருந்து தொடங்குவது? 'சிறந்த பத்து' போன்ற பட்டியல்களை நான் பரிந்துரைப்பதில்லை. இந்த இசை பரவிய வழியையே பின்பற்றுங்கள். எண்பதுகளில் கேசட்டுகளை உறையில் இட்டுக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பிக்கொண்டார்கள். தபால்தலைமேல் பசையை மெலிதாகத் தடவி ஒட்டுவார்கள்; பெறுபவர் முத்திரை மையைக் கழுவிவிட்டு அதே தலையைப் பதில் உறையில் ஒட்டுவார். அஞ்சல் துறைக்கு நட்டம்தான், ஆனால் பிரேசிலின் ஓசை ஆஸ்லோவுக்குப் போனது இப்படித்தான். ஒவ்வொரு கேசட் அட்டையிலும் நன்றிப் பட்டியல் இருக்கும். அதில் உள்ள பெயர்களே அடுத்துக் கேட்க வேண்டிய குழுக்கள். இன்றும் நான் அதைத்தான் செய்கிறேன். ஒரு தொகுப்பு பிடித்தால் நன்றிப் பட்டியலைப் படிக்கிறேன், ஒலிப்பதிவாளர் யார், டிரம்ஸ் வாசித்தவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று பார்க்கிறேன். 2002இல் தொடங்கிய மெட்டல் ஆர்க்கைவ்ஸ் என்ற தகவல் களஞ்சியம் இந்தத் தேடலை எளிதாக்கிவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள்: பாடல் வரிகளையும் வெளியீட்டாளரையும் விசாரித்துவிட்டுக் காசு கொடுங்கள். நாஜிக் கொள்கையை வெளிப்படையாகப் பாடும் ஒரு கிளை இதில் இருக்கிறது. ஓசையை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஊர் ஊராகப் போவதும் நல்ல வழி. ஏதென்ஸின் ரோட்டிங் கிரைஸ்ட் குழுவில் வேகம் தணிந்து, கிட்டாரில் வெதுவெதுப்பு கூடியிருக்கும். ஜெருசலேமில் தொடங்கிய மெலெகெஷ், மத்தியக் கிழக்கின் சுரப்போக்குகளையும் மெசொப்பொட்டேமியத் தொன்மங்களையும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் பனாப்டிகான் ஒரே மனிதரின் குழு. 2012இல் வந்த 'கென்டக்கி' தொகுப்பில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டமும் பாஞ்சோ என்ற தந்திக் கருவியும் இந்த இரைச்சலோடு சேர்ந்து ஒலிக்கின்றன. இந்த இசையில் வழக்கமாக வரும் சாத்தானுக்கு அங்கே வேலையே இல்லை. சிங்கப்பூரில் 1992இல் இந்தியர்கள் தொடங்கிய ருத்ரா, கறாராகப் பார்த்தால் பிளாக் மெட்டல் குழு அன்று. டெத் மெட்டலோடு கலந்த அந்த இசையைத் தாங்களே 'வேதிக் மெட்டல்' என்கிறார்கள். மதத்தை எதிர்க்கப் பிறந்த ஒரு வடிவத்தில் வேதாந்தம் பாடுவது முரண்தான். ஆனால் கேட்கும்போது, கடுமையும் தனிமையும் துறவுக்கும் பொருந்துபவை அல்லவா என்று தோன்றுகிறது.

பேச்சு போதும். இப்போது டார்க்த்ரோன் தொகுப்பின் முதல் பாட்டை முழுவதுமாக ஒலிக்கவிடப் போகிறோம். ஆறு நிமிடம் ஓடும். முதல் இரண்டு நிமிடங்களில் வெளியே போக நினைப்பவர்கள் மூன்றாம் நிமிடம் வரை பொறுத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒலி அமைப்பாளர் ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்: பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை, ஒயரைத் தொட வேண்டாம்.