கள்ளத்தராசும் திராட்சைத்தோட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். எபிரேய வேதாகமத்தில் ஓசியா முதல் மல்கியா வரை 12 சிறிய தீர்க்கதரிசன நூல்கள் உண்டு. பன்னிரண்டையும் ஒரே உரையில் அடக்கப் பார்த்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் இன்று ஆமோஸ் ஒருவர் போதும்.

பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவா என்ற ஊர்க்காரர் அவர். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். சொந்த நாடு யூதா. பேசப் போனதோ வடக்கே இஸ்ரவேல் என்ற அடுத்த நாட்டில். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சி. நாட்டில் பணம் புரண்ட நேரம். தந்தக் கட்டில்களில் படுத்துக்கொண்டு கொழுத்த கன்றுகளைத் தின்கிறார்கள் என்று ஆமோஸ் பொரிந்து தள்ளுகிறார். கோபத்தில் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். தலைநகரான சமாரியாவைத் தோண்டிய ஆய்வாளர்களுக்குச் செதுக்கு வேலை செய்த தந்தத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.

அவருடைய குற்றப்பத்திரிகையில் எனக்குப் பிடித்த இடம் தானியக் கடை. வியாபாரம் செய்யக் கூடாத ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று வியாபாரி தவிக்கிறான். மரக்காலைச் சிறிதாக்குகிறான், சேக்கல் நிறையைக் கூட்டுகிறான். இதில் இரண்டு திருட்டு இருக்கிறது. அன்று நாணயம் கிடையாது. வெள்ளியை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம். தானியத்தை அளக்கும்போது மரக்கால் சின்னது, வாங்குபவரின் வெள்ளியை நிறுக்கும்போது எடைக்கல் கனமானது. போதாதென்று பதரையும் கலந்து விற்கிறான். கடன் கட்ட முடியாத ஏழையை ஒரு ஜோடி செருப்புக்காக விலைபேசுகிறார்கள். வீட்டில் தானியம் அளந்து பழகியவர் ஒருவர்தான் இப்படித் துல்லியமாகத் திட்ட முடியும்!

அரச ஆலயம் இருந்த பெத்தேலில் போய் இதையெல்லாம் பேசினால் சும்மா விடுவார்களா? ஆசாரியன் அமத்சியா, “உன் ஊருக்கு ஓடிப்போ, அங்கே பிழைத்துக்கொள்” என்ற தோரணையில் விரட்டுகிறான். நான் தொழில்முறைத் தீர்க்கதரிசி இல்லை, மந்தையின் பின்னால் போனவனைத்தான் கர்த்தர் அழைத்தார் என்கிறார் ஆமோஸ். அப்புறம் சில பத்தாண்டுகளில், கி.மு. 722 வாக்கில், அசீரியர்கள் சமாரியாவைப் பிடித்தார்கள்.

சரி, நம்பிக்கை எங்கே? ஒன்பது அதிகாரங்களில் கடைசி ஐந்து வசனங்களில்தான் அது முழுதாக வருகிறது. விழுந்துபோன தாவீதின் கூடாரம், அதாவது தாவீது அரசரின் வம்ச ஆட்சி, மறுபடி எடுப்பிக்கப்படும் என்று தொடங்கும் பகுதி அது. தொனி இவ்வளவு மாறுவதால், பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் சேர்த்தவர் ஆமோஸை நன்றாக வாசித்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐந்தாம் அதிகாரத்தில் ஏழையை மிதித்துத் தானியம் பறித்தவர்களுக்குக் கிடைத்த தண்டனை இது: பொளிந்த கல்லால், அதாவது செதுக்கிய கல்லால், வீடு கட்டுவீர்கள், குடியிருக்க மாட்டீர்கள், திராட்சைத்தோட்டம் நடுவீர்கள், அதன் ரசத்தைக் குடிக்க மாட்டீர்கள். ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில் பாழான நகரங்களைக் கட்டிக் குடியிருக்கிறார்கள். திராட்சைத்தோட்டம் நட்டு அதன் ரசத்தையும் குடிக்கிறார்கள். தண்டனையை அப்படியே வரிக்கு வரி புரட்டிப் போட்டிருக்கிறது அந்தப் பகுதி. பொளிந்த கல் வீடுகள் மட்டும் திரும்பி வரவில்லை. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.