கை, கால், வாய் நோய்: வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

[திரையில்: குழந்தையின் உள்ளங்கை, சிவந்த சிறு கொப்புளங்கள்]

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம், வாய்க்குள் புண், கூடவே காய்ச்சல். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதிகம் வரும் நோய் இது. காக்சாக்கி ஏ16 போன்ற வைரஸ்கள்தான் காரணம். அதனால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே சரியாகிவிடும்.

எல்லோரும் கொப்புளத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். கவனிக்க வேண்டியது வாயை. புண் எரிவதால் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காது. உடம்பில் நீர் வற்றும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

[திரையில்: இரண்டு சிரப் பாட்டில்கள், அளவு சிரிஞ்சு]

முதலில் வலியைக் குறையுங்கள். பாராசிட்டமால், ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 6 மணி நேர இடைவெளி. ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். தவறு நடப்பது பாட்டிலில். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 10 கிலோ குழந்தைக்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. இரண்டாவதைத் தவறி 6 மில்லி ஊற்றினால் மருந்து இரு மடங்காகிவிடும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடவே கூடாது.

மருந்து கொடுத்து அரை மணி நேரத்தில் வலி தணியும். அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீர், பால், ஓ.ஆர்.எஸ். கரைசல், எதுவானாலும் ஸ்பூனில் 5 மில்லி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். புளிப்பு, காரம், உப்பு, சூடு எல்லாம் புண்ணில் பட்டால் எரியும். ஒருமுறை எரிந்துவிட்டால் பிறகு வாயைத் திறக்க வைப்பது பெரும்பாடு. சாப்பாடு ஓரிரு நாள் குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது.

கொப்புளத்தைக் குத்தாதீர்கள்.

எச்சில், சளி, கொப்புள நீர், மலம் வழியாகப் பரவும். மலத்தில் வைரஸ் பல வாரம் வெளிவரும். டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். சானிடைசர் இந்த வைரஸுக்குப் போதாது.

[திரையில்: ஆபத்து அறிகுறிகள்]

8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, காய்ச்சல் 3 நாளைத் தாண்டுகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். தூக்கத்தில் திடீர் திடீரென உடம்பு தூக்கிப்போடுவது, நடை தள்ளாடுவது, மூச்சு வாங்குவது இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். இதே நோயைத் தரும் இன்னொரு வைரஸான என்டிரோவைரஸ் ஏ71 அரிதாக மூளையைத் தாக்கும்.

நோய் போய்ச் சில வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்கு நகம் கழன்று விழும். மருந்து எதுவும் வேண்டாம், புது நகம் முளைத்துவிடும்.