பாட்டிக்குப் படிக்கத் தெரியுமா? யார் சோதித்துப் பார்த்தார்கள்?

(திரையில்: வீட்டு வாசலில் கணக்கெடுப்புப் படிவத்தோடு ஒருவர்)

வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர், "பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்பார். பல வீடுகளில் பதில் சொல்வது பாட்டி அல்ல, மகனோ மருமகளோதான். "தெரியும்" என்றால் அப்படியே பதிவாகிவிடும். ஒரு வரி வாசித்துக் காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2011இல் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த சுமார் 80 சதவீத எழுத்தறிவு இப்படி எண்ணியதுதான்.

இதைவிடக் கறாரான அளவுகோல் நம்மிடம் இருந்தது. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்க வேண்டும், சொல்லச் சொல்ல நிமிடத்துக்கு 5 சொல் எழுத வேண்டும் என்று வரையறுத்தது. கையெழுத்துப் போடுவது மட்டும் அதில் தேர்ச்சி ஆகாது.

(திரையில்: சைக்கிள் ஓட்டும் பெண்கள்)

அந்தக் காலத்தில்தான் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். எந்தத் தேர்வும் அளக்காத மாற்றம் அது. அதனால்தான் "எத்தனை பேர் பாஸ்?" என்று மட்டும் கேட்கும் கணக்கு எனக்குப் போதவில்லை.

ஆனால் கணக்கே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 1994இல் அருண் கோஷ் தலைமையிலான நிபுணர் குழு நாடு முழுக்க நடந்த எழுத்தறிவு இயக்கங்களை ஆராய்ந்தது. சாதனை எண்கள் ஊதிப் பெருக்கப்படுவதையும், முதல் கட்டத்துக்குப் பிறகு தொடர்கல்வி தாமதமாவதால் கற்றவர்கள் மறந்துபோவதையும் அது சுட்டிக்காட்டியது. வாசிக்க ஒன்றும் கிடைக்காத ஊரில் எழுத்து எத்தனை நாள் நினைவில் நிற்கும்?

சரி, இப்போது என்ன நடக்கிறது? 2009இல் வந்த சாக்ஷர் பாரத் என்ற மத்திய அரசின் வயது வந்தோர் எழுத்தறிவுத் திட்டம், ஊராட்சிதோறும் கல்வி மையம் வைத்து, அதை நடத்துபவருக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுத்தது. 2018 மார்ச்சில் திட்டம் முடிந்தது, மையங்களுக்கு வந்த பணமும் நின்றது. அதே வேலைக்காக இப்போதுள்ள மத்திய அரசின் உல்லாஸ் திட்டத்துக்கு 2022 முதல் 2027 வரை சுமார் 1,038 கோடி ரூபாய். இலக்கு 5 கோடி பேர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 200 ரூபாய் சொச்சம்தான் வரும். சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். கற்றவர் 150 மதிப்பெண் தேர்வு எழுதுகிறார், தேறினால் சான்றிதழ்.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி இங்கேதான் சிக்குகிறது. 95 சதவீதத்தைத் தொட்ட மாநிலம் "முழு எழுத்தறிவு" என்று அறிவித்துக்கொள்ளலாம். கற்பிக்கும் பொறுப்பும், தேர்வு வைப்பதும், வெற்றியை அறிவிப்பதும் அரசுத் துறைகள் கையிலேயே இருக்கின்றன. சம்பளம் வாங்காத தன்னார்வலரைக் கேள்வி கேட்பது நியாயமில்லை. இலக்கு வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

(திரையில்: ரேஷன் கடை விலைப்பலகை)

நான் கேட்பது ஒன்றுதான். சான்றிதழ் கொடுத்து ஒரு வருடம் கழித்து, அந்தத் துறையைச் சேராத ஒருவர் அதே ஊருக்குப் போகட்டும். ரேஷன் கடைப் பலகையையும் மாத்திரை அட்டையில் உள்ள தேதியையும் வாசிக்கச் சொல்லட்டும். எத்தனை பேரால் முடிந்தது, எத்தனை பேருக்கு மறந்துபோனது என்ற இரண்டு எண்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். மறந்தவர்களுக்கு அடுத்த வாரமே வகுப்பு தொடங்கட்டும், அதற்கான பணத்தோடு.